சைக்கிள்ல டென்ட் கட்டிக்கிட்டு ரெண்டு நாள் டூர் போக எப்படி பிளான் பண்றது?

முதல்ல தூரத்த குறைங்க. வெறும் சைக்கிள்ல அசால்ட்டா 100 கிமீ ஓட்டுறவங்களுக்கே 15 கிலோ லோடு ஏத்துனா மேட்டுல மூச்சு வாங்கும், அதனால முதல் தடவ ஒரு நாளைக்கு 40-50 கிமீ போதும், மணிக்கு 12-15 தான் போவோம்னு வச்சு கணக்கு போடுங்க.

முதுகுல பை மாட்டாதீங்க, இடுப்பு போயிடும். கேரியர்ல ரெண்டு பக்கமும் தொங்குற பேனியர் பைதான் சரி, வெயிட்டான சாமான் அடியில, ரெண்டு பக்கமும் சமமா. நான் ஒருதடவ டென்டையும் தண்ணி பாட்டிலையும் ஒரே பக்கம் கட்டிட்டு, வண்டி ஏன் இழுக்குதுன்னு பாதி வழி வரைக்கும் ஹேண்டில்பார திட்டிக்கிட்டே போனேன்!

இருட்டுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே இடம் பாத்துருங்க, அனுமதியும் கேட்டுருங்க. பள்ளத்துல டென்ட் போடாதீங்க, ராத்திரி குளிர்காத்து அங்கதான் வந்து தேங்கும், மழை பெஞ்சா தண்ணியும் அங்கதான். காலைல டென்ட் உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா ஓட்டைன்னு பயப்படாதீங்க, நம்ம மூச்சுல இருக்குற ஈரம்தான் குளிர்ந்த துணில படியுது, மேல இருக்குற ஜன்னல கொஞ்சம் தொறந்து வச்சா பாதி குறையும்.

பங்ச்சர் கிட், பம்பு, ஒரு ஸ்பேர் ட்யூப், இதெல்லாம் சொல்லவே வேணாம்.