சாவி திருகினால் சில நாள் சத்தமே இல்லை!

கேள்வி: கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வகை கார் என்னுடையது. சில நாள் சாவியைத் திருகினால் டிக் என்றுகூட சத்தம் வராது, இரண்டு மூன்று முறை மிதித்துப் பார்த்தால் எடுத்துவிடும். பேட்டரி மாற்றியாயிற்று. நெடுஞ்சாலையில் க்ரூஸ் கன்ட்ரோலும் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி) தானாகவே விட்டுப்போகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் நன்றாக ஓடுகிறது. கிளட்ச் சென்சாரை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். மாற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். க்ரூஸ் கன்ட்ரோல் பற்றி எழுதினீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. கிளட்சை மிதித்துவிட்டதாக காரின் கம்ப்யூட்டர் நினைத்தால் க்ரூஸ் விட்டுப்போகும், மிதிக்கவில்லை என்று நினைத்தால் ஸ்டார்ட்டருக்கு கரன்ட் போகாது. ஆக பெடல் பக்கம்தான் சந்தேகம், அதில் உங்கள் மெக்கானிக் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் பல கார்களில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி ஸ்விட்ச் (மெக்கானிக் சென்சார் என்று சொல்வது இதைத்தான்) இருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் கெட்டுப்போவது அபூர்வம் என்பதால், அப்படிப்பட்ட காராக இருந்தால் முதலில் ஒயரையும் கனெக்டரையும்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, தரையில் விரித்திருக்கும் மேட் பெடலுக்கு அடியில் மாட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் பல கார்களில் பெடல் ஸ்விட்சின் பட்டன் முட்டும் இடத்தில் சின்ன ரப்பர் கட்டை ஒன்று இருக்கும். நாளானால் அது பொடிந்து கீழே விழுந்துவிடலாம், அப்போது பட்டன் அந்த ஓட்டைக்குள் போய்விடும், ஸ்விட்ச் குழம்பிப்போகும். சில்லறை விலைச் சாமான்தான், அதற்காக சென்சாரையே மாற்றியவர்கள் உண்டு.

அதுவும் சரியாக இருந்தால், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டச் சொல்லுங்கள். பி0704, பி0830, பி0833 மாதிரி கிளட்ச் ஸ்விட்ச் பழுதுக் குறியீடு வந்தால் நல்லது, வரவில்லை என்றாலும் சென்சார் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் மிதித்தது, விட்டது இரண்டுமே கம்ப்யூட்டருக்கு நியாயமான சிக்னல்தான், தப்பு என்று அதற்குத் தெரியாமலே போகலாம். அதனால் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் (அந்தந்த நொடி சிக்னலைக் காட்டும் திரை) கிளட்ச் வரியைத் திறந்து வைத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பெடலை மெதுவாக மிதித்து மெதுவாக விட வேண்டும். கூடவே இன்னொருவர் ஒயரை லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டும்போது மட்டும் மாறி மாறிக் காட்டினால் கோளாறு ஒயரில் அல்லது கனெக்டர் பின்னில். ஒயரைத் தொடாமலே பெடலின் ஏதோ ஓர் இடத்தில் துள்ளினால்தான் ஸ்விட்ச். வண்டி வெயிலில் நின்று சூடானபோது செய்தால் இன்னும் சீக்கிரம் சிக்கும்.

சில கார்களில் சென்சார், பெடலை மிதித்தால் கிளட்ச் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மேலேயே இருக்கும், பிஸ்டனில் உள்ள காந்தத்தை வைத்து வேலை செய்யும். அதை மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, சிக்னல் வோல்ட்டைத்தான் பார்க்க வேண்டும். கனெக்டரில் ஈரமாக எண்ணெய்ப் பசை தெரிந்தால் சிலிண்டரே கசிகிறது என்று அர்த்தம், புது சென்சார் போட்டாலும் நிற்காது.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: ஸ்விட்சை ஒயர் போட்டு நேராக இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கியரில் இருக்கும்போது வீட்டில் யாராவது சாவியைத் திருகினால் வண்டி பாய்ந்துவிடும்.