குரூப் 1 எழுதி துணை ஆட்சியரானால் ஐஏஎஸ் ஆக முடியுமா?

முடியும். கேட்ட விதத்தைப் பார்த்தால் தேறிவிட்டு ஆணைக்குக் காத்திருப்பவர் போலத் தெரிகிறது. துணை ஆட்சியராக 8 ஆண்டு, 56-க்குள் வயது, நேர்மைச் சான்று, இவைதான் முக்கிய விதிகள். 8 ஆண்டு என்பது காகிதத்தில். நடைமுறையில் அதற்கு மேல்தான் ஆகும்.

நான் 1993-ல் துணை ஆட்சியராகச் சேர்ந்து, 2019-ல் மாவட்ட வருவாய் அலுவலராக ஓய்வு பெற்றேன். ஐஏஎஸ் கிடைக்கவில்லை. காரணம் 17(பி), அதாவது அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பெருந்தண்டனைக்கான பிரிவு. அதன் கீழ் என் மேல் ஒரு குற்றச்சாட்டு இருந்தது.

2004 சுனாமியின்போது கடலோரக் கோட்டம் ஒன்றில் கோட்டாட்சியராக இருந்தேன். முதல் மூன்று நாளும் பிணங்களை அடையாளம் காண்பதும் புதைப்பதும்தான் வேலை. தங்கை மகளைப் பறிகொடுத்த ஒரு கிராம உதவியாளர் வீட்டுக்கே போகாமல் என்னோடு கணக்கெடுத்தார். குடும்ப அட்டைகளெல்லாம் கடலோடு போய்விட்டன. அதற்காக நிவாரணத்தை நிறுத்தவா முடியும்? ஊர்ப் பஞ்சாயத்தார் சொன்னதை வைத்துப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். பிறகு தணிக்கையில் 11 பெயர் இரண்டு முறை இருப்பதாக எழுதினார்கள். 2008-ல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. விசாரணை அதிகாரி மூன்று முறை மாறினார். 2018-ல்தான் குற்றச்சாட்டுகள் கைவிடப்படுவதாக ஆணை வந்தது. அப்போது எனக்கு வயது 57. என் ஜூனியர்கள் இரண்டு பேர் அதற்குள் கலெக்டர் ஆகியிருந்தார்கள்.

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். தப்பு செய்தவனை விசாரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து வருடம் இழுக்காதீர்கள் என்கிறேன். ஓய்வுக்குப் பிறகும் இதே கதைதான். போன வருடம் மனைவியின் முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். முதலில் முழுப் பணத்தையும் கட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். மாதாமாதம் ஓய்வூதியத்தில் எதற்குப் பிடிக்கிறார்கள்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்த நாளிலிருந்து கையெழுத்துப் போடும் ஒவ்வொரு பட்டியலுக்கும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். நான் வைக்கவில்லை. அந்தக் கிராம உதவியாளர் வைத்திருந்தார். 11 பேரில் 9 பேர் ஒரே பெயருள்ள வெவ்வேறு ஆட்கள் என்பதற்கு அவருடைய நோட்டில் தெரு, தகப்பன் பெயர், கைநாட்டு எல்லாம் இருந்தன. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன மனுஷன், அதை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி விசாரணைக்கு வந்தார்.