சமரசப் பாடம் வக்கீல் தொழிலுக்கு உதவுமா?

கேள்வி: என் மகள் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். சமரசம், நடுவர் முறை, மக்கள் நீதிமன்றம் ஆகியவை அடங்கிய பாடத்தில் மிகவும் ஆர்வமாக இருக்கிறாள். "பஞ்சாயத்துப் பேசுவதற்கா சட்டம் படிக்க வேண்டும்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இப்பாடத்தால் பயன் உண்டா, ஐயா?
- ஒரு தந்தை, முக்கூடல்

பதில்: நிச்சயமாக உண்டு. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி இது கட்டாயப் பாடம். மூத்த வழக்கறிஞர்களைக் கொண்டு, மாதிரிப் பயிற்சிகள், வழக்கு ஆய்வுகள் வழியாகவே இதை நடத்த வேண்டும் என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. பிரிவு எண்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினால் மட்டும் இது கைவராது.

மானூர் பக்கத்தில் கிணற்றுப் பாசன நிலத்துக்காக அண்ணன் தம்பி மூவர் பாகப்பிரிவினை வழக்கு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துவிடும். நிலத்தையும் நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் வந்து அளந்து பிரித்துவிடுவார். ஆனால் கிணறு ஒன்று, பம்புசெட் ஒன்று, மின் இணைப்போ இறந்துபோன தகப்பனார் பெயரில். எந்தக் கிழமை யார் மோட்டார் போடுவது, மோட்டார் காயில் எரிந்தால் யார் செலவழிப்பது, இணைப்பை யார் பெயருக்கு மாற்றுவது என்பவைதான் அவர்களின் உண்மையான சண்டை. வழக்குரையில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. கட்சிக்காரர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைக் கண்டுபிடித்து, மூவரும் கையெழுத்திடத்தக்க வாசகமாக அதை எழுதித் தரும் திறமையைத்தான் உங்கள் மகள் கற்கிறாள். நன்றாக வாதாடும் பலருக்கும் இது வருவதில்லை.

உறவினர்களின் ஐயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கட்டப் பஞ்சாயத்தில் முடிவு திணிக்கப்படுகிறது. சமரசத்தில், இருதரப்பையும் பேசவைக்கும் சமரசர் தீர்ப்புச் சொல்வதே இல்லை. பிடிக்காதவர் எழுந்துபோய் வழக்கைத் தொடரலாம், அங்கே பேசியதை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகச் சாட்சியமாக்கவும் முடியாது. நடுவர் முறை வேறு. அங்கே நடுவர் விசாரித்துத் தீர்ப்பே எழுதுவார்.

வேலை வாய்ப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப வழிசெய்யும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002 முதல் நடைமுறையில் உள்ளது; சென்னை உயர் நீதிமன்றம் 2005லேயே சமரச மையத்தைத் தொடங்கிவிட்டது; 2023இல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டமும் வந்துவிட்டது. அவசர நிவாரணம் கோராத வணிக வழக்குகளில், முதலில் சமரசத்துக்கு முயலாமல் வழக்கே போட முடியாது.

சமரசப் பேச்சு இரகசியமானது என்பதால் அதை நினைத்தபடி போய்ப் பார்க்க இயலாது. ஆகவே, ஆசிரியரின் அனுமதியோடு, திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்தில் மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் மகளைப் போய்வரச் சொல்லுங்கள். அங்கே இருதரப்பும் இசைந்து முடித்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். விபத்து இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் எந்தத் தொகையில் பேச்சைத் தொடங்குகிறார், எந்த இடத்தில் இறங்கி வருகிறார் என்பதை அவள் குறித்துக்கொண்டு வரட்டும்.