என் பேரில் ஒரு வரி

கேள்வி: வசந்த காலத்தில் வரும் மதப் பண்டிகை எதுவாவது உங்களுக்கு விடுதலையோ புதுத் தொடக்கமோ தந்திருக்கிறதா?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வசந்தம் என்று தனியாக எதுவும் வருவதில்லை. மாசி முடிந்தால் வெயில்தான். அந்த வெயிலில் வருவது பங்குனி உத்திரம். முருகன் கோயில்களில் அன்று காவடி என்றால், இங்கே பெரும்பாலான குடும்பங்களுக்கு அது குலதெய்வமான சாஸ்தாவின் நாள். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள்கூட வந்து, குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளோ இருக்கும் தங்கள் சாஸ்தாவைத் தேடிப் போவார்கள். எது தங்கள் சாஸ்தா என்றே தெரியாதவர்கள் காரையாறு சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுக்கொள்வதுண்டு.

பெண்களுக்கு இதில் ஒரு சிக்கல். பிறந்த வீட்டு சாஸ்தா கல்யாணம் வரைக்கும்தான். தாலி ஏறியதும் புருஷன் வீட்டு சாஸ்தா. ஆறு வருஷம் நானும் அங்கே போய்ப் பொங்கல் வைத்தேன். அப்புறம் விவாகரத்து. நகை, கட்டில், பீரோ வரைக்கும் பேசி முடித்தார்கள். சாஸ்தாவை யாரும் பேசவில்லை. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வருஷம் எந்தக் கோயிலுக்குப் போவதென்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

அடுத்த வருஷம் ஆச்சி விடவில்லை. "அவன் வேண்டாம்னா சாஸ்தாவும் வேண்டாம்னுட்டாராட்டி? கிளம்பு."

போனேன். வேப்பமரத்தடியில் ஒதுங்கித்தான் நின்றேன். பெரியப்பா வரி நோட்டோடு வந்தார். எங்கள் கோயிலில் கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, வரி அவன் பேரில். அம்மா, "இவளைத் தம்பி கணக்குல சேத்துக்கிடுங்க" என்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, 500 ரூபாயை எடுத்து நோட்டின் மேல் வைத்தேன்.

"என் பேர்ல எழுதுங்க பெரியப்பா."

அவர் பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "புது வழக்கமால்லா இருக்கு" என்று சித்தப்பாமாரைப் பார்த்தார். அவர்கள் குளத்தைப் பார்த்தார்கள். ஆச்சிதான் சத்தம் போட்டாள்: "எழுதுல. சம்பாதிக்கா, தாரா."

எழுதினார். அப்பாவின் இனிஷியல், பக்கத்தில் என் பேர். அப்பா போன பிறகு அந்த எழுத்தை அந்த நோட்டில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மூன்று செங்கல் தேடி எடுத்துத் தனி அடுப்பு போட்டேன். காய்ந்த பனையோலை குப்பென்று பிடித்து உடனே அணைந்துவிடும், ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனை அடுப்புப் புகையில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். எனக்கு அது வசதியாகப் போயிற்று. பானை பொங்கியதும் ஆச்சி, பல்லில்லாத வாயால், காற்று பாதி சத்தம் பாதியாக ஒரு குலவை போட்டாள். கருப்பட்டி கூடிப்போய் என் பொங்கல் கன்னங்கரேலென்று இருந்தது. சாஸ்தாவுக்கு அதைத்தான் படைத்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் பாளையங்கோட்டை அக்கா ஒருவர் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் யூதர்களின் பஸ்கா பண்டிகையைப் பற்றிச் சொல்வார். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த ஒரு ஜனமே கிளம்பி வெளியேறிய கதை. எனக்குக் கிடைத்தது அவ்வளவு பெரிய விடுதலை இல்லை. 500 ரூபாய்க்கு ஒரு ரசீது. பர்ஸில் இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் பெரியப்பாவே போன் செய்தார். நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை. "வரி 750 ஆயிட்டு. உன் பேருக்கு நேரா இன்னும் காலியா கெடக்கு, சீக்கிரம் அனுப்பு."