பதில்: கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டலாமா?

ஸ்தோத்திரம் பிரதர். திருமங்கலத்தில் புதிதாகப் போகும் சபையில் ‘கிறிஸ்துமஸ் சூரிய வழிபாடு, ஸ்டார் கட்டாதே’ என்கிறார்கள், வீட்டில் அம்மா அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

பாஸ்டர் சொல்வதில் பாதி சரி. இயேசு பிறந்த தேதி வேதத்தில் இல்லை. ரோமில் டிசம்பர் 25 கொண்டாடியதற்கு கி.பி. 336-ஐ ஒட்டித்தான் சான்று கிடைக்கிறது. 274-லேயே ஔரேலியன் பேரரசர் சூரியக் கடவுளுக்குக் கோயில் எழுப்பிவிட்டார். ஆனால் தேதியை அந்தச் சூரிய வழிபாட்டிலிருந்துதான் எடுத்தார்கள் என்பது தீராத வழக்கு. மார்ச் 25-இல் மரியாள் கருவுற்றதாக வைத்து ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பாரும் உண்டு. அப்புறம், மரத்தை வெட்டி வெள்ளியும் பொன்னும் வைத்து அலங்கரிப்பதைக் கண்டிக்கும் எரேமியா 10-ஐக் காட்டுவார்கள். முழுதாகப் படியுங்கள், அது விக்கிரகம் செய்வதைப் பற்றியது.

நம்ம மதுரைக்கு இது புதுச் சண்டையும் இல்லை. 1606-இல் இங்கே வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவர்கள் குடுமியும் சந்தனமும் வைக்கலாமா என்ற பஞ்சாயத்தில் சிக்கினார்; வழக்கு ரோம் வரை போனது. மூடநம்பிக்கை கலக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் போப் அனுமதித்தார்.

ரோமர் 14-இல் பவுல், ஒரு நாளை விசேஷமாக எண்ணுவதா வேண்டாமா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விடுகிறார். அம்மா ஸ்டார் கட்டட்டும். உங்களுக்கு உறுத்தினால் ஏணியை மட்டும் பிடியுங்கள். பாஸ்டர் கேட்டால், அந்த ரோமர் 14-ஐ அவரையே விளக்கச் சொல்லுங்கள்.