பனிக்காலத்துக்கு ஒரு கட்டில்

அன்புள்ள அக்கா,

எனக்கு 25 வயது. நான்கு ஆண்டுகளாக ஹோட்டல் வரவேற்பறையில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு விடுமுறையில் நான்கு நாள் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. ஒரு முழுக் குளிர்காலத்தை வெளிநாட்டில் வேலை செய்துகொண்டே கழிக்க வேண்டும் என்று ஆசை. கனடாவின் விஸ்லரா, ஜப்பானின் நிசெகோவா, நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனா என்று மூன்று மாதமாகப் பனியின் அளவையும் சரிவுகளின் நீளத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பனிச்சறுக்கு ஊர்களில் இரண்டு சீசன் வேலை செய்தவர் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் படித்தேன். எந்த மலைக்குப் போகலாம்? பயிற்றுநர் வேலைக்கு முயலலாமா? ஒரு வருடத்தை வீணடிக்கிறாய் என்று வீட்டில் சொல்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
தி.

அன்புள்ள தி.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பனி எங்கே எவ்வளவு விழும் என்று அலசியிருக்கிறீர்கள். இரவு எங்கே படுப்பீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. எத்தனை மணிக்கு வேலை முடியும் என்றும் இல்லை. ஒரு சீசன் நல்லபடியாக அமைவதும் பாழாவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மலை மூன்றாவதாக வரட்டும்.

என் முதல் சீசன் விஸ்லரில். ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை கையில் இருந்தது. தங்குமிடத்துக்கு, படங்களைப் பார்த்து ஓர் அறைக்கு முன்பணம் அனுப்பிவிட்டு நவம்பர் நடுவில் போய் இறங்கினேன். அந்த முகவரியில் இருந்தவர்களுக்கு அப்படி ஓர் அறையைப் பற்றியே தெரியவில்லை. பணம் போனது போனதுதான். பத்து நாள் பயணியர் விடுதியில் இருந்துவிட்டு, இரண்டு படுக்கையறை வீடு ஒன்றில் ஒன்பதாவது ஆளாகச் சேர்ந்தேன். கூடத்தில் சோபாவுக்கும் ஹீட்டருக்கும் நடுவே எனக்கு ஒரு மெத்தை. அந்த ஹீட்டரின் மேல்தான் ஒன்பது பேரும் பூட்ஸின் உள்ளுறைகளையும் கையுறைகளையும் காயவைப்போம். சன்னல் கண்ணாடியில் எந்நேரமும் நீர் வழிந்துகொண்டிருக்கும். மதுக்கூடத்தில் வேலை செய்தவர் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு வந்து விளக்கைப் போடுவார். நான் ஆறரைக்கு எழ வேண்டும். ஜனவரி பிறப்பதற்குள் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த பனி விழுந்த இரண்டு வாரமும் மெத்தையில் கிடந்தேன்.

விஸ்லரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பனிச்சறுக்கு ஊர்கள் பெரும்பாலும் மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடப்பவை. கட்டுவதற்கு இடம் குறைவு. இருக்கும் வீடுகளிலும் பல, ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வந்துபோகிறவர்களுடையவை. மற்றவை நாள் வாடகைக்குப் போகின்றன. ஒரு வாரம் தங்க வருகிற விருந்தினர் தருகிற தொகையைத் தட்டுக் கழுவுகிறவர் தர முடியாது. குயின்ஸ்டவுனிலும் இதே நிலைமைதான். உறைபனிக் காலத்தில் வேனுக்குள் படுத்துறங்கிய ஊழியர்களை அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, கட்டிலோடு வருகிற வேலையைத் தேடுங்கள். சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. நேர்காணலில் கூசாமல் கேளுங்கள்: ஓர் அறையில் எத்தனை பேர்? வாரத்துக்கு எவ்வளவு பிடித்தம்? வேலையிடத்துக்கு எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பூட்ஸ் காயவைக்கத் தனி அறை உண்டா? இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு, அதைப் பலரும் கேட்பதில்லை. காலை உடைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாமல் போனால் அந்தக் கட்டிலில் எத்தனை நாள் இருக்கவிடுவார்கள்? ஊழியர் விடுதி என்பது வேலையோடு பிணைந்தது. வேலை போனால் கட்டிலும் போகும். மூட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு, வாரக்கடைசிக்குள் இடத்தைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தைக் கையில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு நான் பெட்டி கட்ட உதவியிருக்கிறேன். அந்த முகம் மறக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது நேரம். விஸ்லரில் டிசம்பர் மாதம் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம், சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுகள் நின்றுவிடும். என் வேலை முடிவது மூன்றரைக்கு. கடைசி அறையின் போர்வையை மடித்துவிட்டு நிமிர்ந்தால், சன்னலுக்கு வெளியே சறுக்கிக் களைத்தவர்கள் சிவந்த முகத்தோடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் விடுப்புதான் எனக்கு மலை. அதே ஹோட்டலின் சமையலறையில் மாலை நான்கு முதல் பதினொன்று வரை பாத்திரம் கழுவிய பெண் ஏறக்குறைய தினமும் மலையில் இருந்தாள். ஊதியத்தில் எங்களுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. யாருக்குப் பகல் கிடைத்தது என்பதுதான் வித்தியாசம்.

இரண்டாவது சீசனில் விழித்துக்கொண்டேன். குயின்ஸ்டவுனை அடுத்த ஒரு மலையில், விடுதியோடு சேர்த்து, நாற்காலி லிஃப்டில் ஆட்களை ஏற்றிவிடும் வேலை. அங்கே மலைமேல் ஊர் கிடையாது. எல்லாரும் கீழே தங்கி, இருட்டோடு ஊழியர் பஸ்ஸில் ஏற வேண்டும். முதல் வேலை மண்வாரி பிடிப்பது. இரவு விழுந்த பனியை ஏறுதளத்திலிருந்து அள்ளி எறிந்து, பிறகு வாரியால் இழுத்துச் சமன்படுத்துவோம். ஒரு விரற்கடை மேடு இருந்தாலும் சறுக்குப்பலகை தட்டி ஆள் விழுந்துவிடுவார். அவசர நிறுத்தப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திச் சோதித்து ஏட்டில் குறிப்போம். சுற்றி வருகிற ஒவ்வொரு நாற்காலியையும் துடைப்பத்தால் தட்டுவோம். பிறகு நாள் முழுவதும் நாற்காலியை ஒரு கையால் பிடித்து, வேகத்தைத் தாங்கி, உட்காருகிறவரின் முழங்காலுக்குப் பின்னால் மெல்லக் கொண்டுபோய் விட வேண்டும். குழந்தை என்றால் கண் குழந்தையிலும் விரல் பொத்தானிலும் இருக்கும். மாலையில் தோள் கழன்றுவிடும்போல வலிக்கும். ஆனால் முறைவைத்து மாற்றிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் நடுவே அரை மணி, முக்கால் மணி சறுக்கக் கிடைக்கும். சறுக்கும்போது ஒழுங்காக வளைந்து திரும்ப நான் கற்றுக்கொண்டது அந்த அரை மணிகளில்தான். நான்கு நாள் பழகிய உங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

வரவேற்பறை அனுபவத்தை விட்டுவிட மனமில்லையென்றால் அதற்கும் வழி இருக்கிறது. மாலை ஷிப்டையோ இரவுக் கணக்கு பார்க்கும் வேலையையோ கேட்டு வாங்குங்கள். பகல் உங்களுடையது. சீசன் முழுக்க லிஃப்டில் ஏறுவதற்கான சீசன் பாஸை அந்த ஹோட்டல் தருமா என்பதையும் கேட்க வேண்டும். மலையை நடத்தும் நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குப் பெரும்பாலும் பாஸ் தந்துவிடும். ஊருக்குள் இருக்கும் தனி உணவகம் தரும் என்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை யாருக்கும் விடுப்புக் கிடைக்காது.

பயிற்றுநர் வேலை இந்த ஆண்டு வேண்டாம். முதல் நிலைச் சான்றிதழ் சில நாள் பயிற்சியும் தேர்வும்தான் என்றாலும், இரண்டு பலகைகளையும் இணையாக வைத்து நிதானமாகத் திரும்பத் தெரிந்தவர்களுக்கானது அது. வகுப்பு இருந்தால்தான் சம்பளம் என்று வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. சீசன் முழுக்கப் பழகிவிட்டு அதன் கடைசி மாதத்தில் தேர்வை எழுதுங்கள். அடுத்த குளிர்காலத்துக்குக் கையில் இருக்கும்.

உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்று நீங்கள் எழுதவில்லை. மலையைப் பற்றி யோசிக்கும் முன் அதைப் பாருங்கள். ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய இளைஞர்களுக்குத் தரும் வொர்க்கிங் ஹாலிடே விசா, நாட்டுக்கு நாடு செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி கிடைப்பது. வயது வரம்பு பொதுவாக 30, சில நாட்டவருக்கு 35. என்னிடம் இருந்த கடவுச்சீட்டு கனடாவின் பட்டியலில் இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டு கனடாவின் பட்டியலிலும் இல்லை, ஜப்பானின் பட்டியலிலும் இல்லை. வேலை அனுமதியை முதலாளிதான் எடுத்துத் தர வேண்டியிருக்கும், சீசன் வேலைக்கு அது எளிதில் நடக்காது. ஆஸ்திரேலியா 2024 முதல் இந்தியர்களுக்குக் குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 1000 இடம் ஒதுக்கியது. 18 முதல் 30 வயது வரை விண்ணப்பிக்கலாம், கல்வித் தகுதியும் ஆங்கிலத் தேர்ச்சியும் கேட்கிறார்கள். அங்கே த்ரெட்போ, பெரிஷர் என்று நல்ல மலைகள் இருக்கின்றன. ஊழியர்களில் பலர் கீழே ஜிண்டபைன் ஊரில் தங்குவார்கள். உங்கள் பட்டியலில் ஆஸ்திரேலியா இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது. சுற்றுலா விசாவில் போய் வேலை தேடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிடிபட்டால் அந்த நாட்டுக்கு மட்டுமல்ல, பிற நாடுகளுக்கும் விசா எடுப்பது கடினமாகிவிடும்.

வட அரைக்கோளத்தில் சீசன் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, தென் அரைக்கோளத்தில் ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை. வட அமெரிக்காவில் ஆகஸ்டிலிருந்து ஆள் எடுப்பார்கள்; ஜப்பானில் அதற்கும் முன்பே தொடங்கிவிடும். தெற்கு நாடுகளுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். விடுதிக் கட்டில்கள் முதலில் வருகிறவர்களுக்குத்தான்.

மலைகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட எனக்கும் மனம் வரவில்லை. நிசெகோவின் பனி தனி. சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து ஹொக்கைடோவின் மலைகளில் மோதுகிறது. சராசரியாக ஒரு சீசனுக்குச் சுமார் 15 மீட்டர் பனி. எதிரே நிற்கும் யோடெய் மலையை நாள்கணக்கில் பார்க்க முடியாமல் விழுந்துகொண்டே இருக்கும். இரவில் விளக்கு போட்டும் அங்கே சறுக்கவிடுவார்கள். பகல் வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய வரம். விஸ்லர் பசிபிக் கடலோர மலை. கீழே ஊரில் மழை பெய்யும்போதே மேலே பனி விழும். மழையைப் பார்த்துவிட்டு அறையில் தங்கிவிடக் கூடாது. குயின்ஸ்டவுன் மலைகள் மரமில்லாத மொட்டைச் சரிவுகள். காற்று பலமாக வீசினால் மலையை மூடிவிடுவார்கள். அன்றைக்கு எங்களுக்குச் சம்பளம் கிடையாது.

இதனால்தான் கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் வேண்டும் என்கிறேன். பனி தாமதமானால் மலை திறப்பதும் தள்ளிப்போகும், வேலை நேரமும் குறையும். சீசன் ஒப்பந்தங்கள் பலவற்றில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற உத்தரவாதம் இருப்பதில்லை. பலகையை வாடகைக்கு எடுங்கள், பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். ஒரே ஒரு மெல்லிய காலுறையோடு போட்டுப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். கடையில் தளர்வாக, சுகமாக இருக்கும் பூட்ஸ் ஒரு மாதத்தில் தொளதொளத்துவிடும்.

இன்னொன்று. பிப்ரவரி வாக்கில், உங்களைவிட நன்றாகச் சறுக்கும் சக ஊழியர்கள், சறுக்குமிடத்தின் எல்லையாகக் கட்டியிருக்கும் கயிற்றுக்கு அப்பால் கூப்பிடுவார்கள். முதல் சீசனில் போகாதீர்கள். 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில்தான், படிந்த பனி மொத்தமாகப் பெயர்ந்து விழும் பனிச்சரிவு பெரும்பாலும் நிகழ்கிறது. சறுக்குவதற்கு ஆசை காட்டுவதும் அதே சரிவுகள்தான். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நம்பிக்கை. மீட்புக் குழு அதற்குள் வராது. கூட வந்தவர்கள்தான் தோண்ட வேண்டும். புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வாரி மூன்றும் எல்லாரிடமும் இருந்து, எல்லாருக்கும் அவற்றைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கென்று இரண்டு நாள் வகுப்புகள் நடக்கின்றன, போய்ச் சேருங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் வேலைக்காலமும் கயிற்றுக்கு வெளியே சறுக்குவதும் அடங்குமா என்று வரிவரியாகப் படியுங்கள். நியூசிலாந்தில் விபத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவை வெளிநாட்டவருக்கும் அரசின் ஏசிசி அமைப்பு ஏற்கும். ஊர் திரும்புகிற செலவு அதில் சேராது.

வீட்டில் சொல்வதைக் கேட்டு மனம் வாட வேண்டாம். நீங்கள் செய்யப்போவதும் வரவேற்பறை வேலையாகவே இருக்கலாம், வேறு நாட்டில், பல மொழி பேசும் விருந்தினர்களோடு. அதை எந்த ஹோட்டலும் அனுபவமாகத்தான் எடுத்துக்கொள்ளும். வீட்டாருக்கு உள்ளூர இருப்பது பயம். எந்த ஊரில், யாரோடு, எந்தக் கூரைக்குக் கீழே தூங்குவாய் என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் அந்தப் பேச்சே மாறிவிடும். என் அம்மாவிடம் இரண்டாவது முறை அந்தப் பதிலைச் சொல்ல முடிந்தது. அந்தத் தடவை பெட்டியை அவரே அடுக்கித் தந்தார்.

வேலை உறுதியானதும் எழுதுங்கள். ஓர் அறையில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா