ஏற்காட்டுக்குப் போன கடிகாரம் ஏன் பிந்துகிறது?

கேள்வி: தாத்தா காலத்து ஊசல் கடிகாரம் ஒன்று சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஏற்காட்டு வீட்டில் கொண்டுபோய் மாட்டியதிலிருந்து நாளுக்கு 3 நிமிடம் பிந்துகிறது. மலையின் உயரம்தான் காரணமா? குண்டைக் கனமானதாக மாற்றினால் சரியாகுமா? (வாசகி, சேலம்)

பதில்: குண்டை மாற்ற வேண்டாம். கனமான குண்டைப் புவி எத்தனை மடங்கு அதிகமாக இழுக்கிறதோ, அத்தனை மடங்கு அதிகமாக அதை அசைப்பதும் கடினமாகிவிடுவதால், எடையின் விளைவு தானே ஈடாகிவிடுகிறது. ஒரே நீளச் சங்கிலியுள்ள இரண்டு ஊஞ்சல்களில் ஒல்லியான பிள்ளையும் அதே உயரமுள்ள கனத்த பிள்ளையும் காலால் உந்தாமல் ஆடினால், இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திரும்பி வருவார்கள்.

ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் அலைவு நேரத்தை, வீச்சு சிறிதாக இருக்கும்வரை, இரண்டே அளவுகள் தீர்மானிக்கின்றன: தொங்குமிடத்திலிருந்து குண்டின் மையம் வரையுள்ள நீளம், அவ்விடத்தின் ஈர்ப்பு முடுக்கம் (விழும் பொருளைப் புவியின் ஈர்ப்பு எவ்வளவு விரைவாக வேகப்படுத்துகிறது என்ற அளவு). நீளத்தை நான்கு மடங்காக்கினால் அலைவு நேரம் இரண்டு மடங்காகும்; ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாகும்.

உயரே போகப் போக ஈர்ப்பு சற்றுக் குறையும்; ஆகவே உயரத்தைச் சந்தேகித்தது நியாயமே. 1672-இல் பாரிஸிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனுக்குச் சென்ற வானியலாளர் ழான் ரிஷேயின் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதே அதற்குக் காரணம். ஆனால் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர்தான். அதனால் நாளுக்கு 16 வினாடிக்கு மேல் பிந்தாது. சேர்வராயன் மலையின் நிறையும் தன் பங்குக்குக் கீழ்நோக்கி இழுப்பதால் அதுவும் குறைந்துவிடும். மலைக்குளிரோ எதிர்த்திசையில் வேலை செய்கிறது: வெப்பநிலை 10 பாகை இறங்கினால் எஃகுத் தண்டு சுருங்கி, கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ 5 வினாடி முந்தும்.

மூன்று நிமிடத்துக்கு இவை எதுவும் கணக்காகாது. 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசல் ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிட்டால், நாளுக்கு ஏறத்தாழ 3 நிமிடம் பிந்திவிடும்! ஒரு மலையே செய்ய முடியாததை ஒரு மில்லிமீட்டர் செய்துவிடுவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி குலுங்கியதில், குண்டைத் தாங்கும் அடி நட்டு சற்றுத் தளர்ந்து, குண்டு கீழிறங்கியிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

ஊசலை நிறுத்தி, மேலே அது தொங்கும் மெல்லிய தகடு முறுக்கிக்கொள்ளாதபடி ஒரு கையால் குண்டைப் பிடித்துக்கொண்டு, குண்டு மேலேறும் பக்கமாக நட்டை அரைச் சுற்று திருப்புங்கள். ஒரு முழு நாள் ஓடவிட்டு, கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு மாறியது என்று குறித்துக்கொண்டால், இன்னும் எத்தனை சுற்று தேவை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.